தா

ஊனாவின் பலகை மூக்குடைந்து வந்த நாள்
கரன்ட் இல்லை.
உல்லை மணலைக் கச்சான் காற்று
என் பிசின் டப்பாவுக்குள் வாரி வாரிப் போட்டது.
கடை வாசலில் நின்றபடி
போனில் தாயோடு பேசிக்கொண்டிருந்தாள்.
"தா" என்றாள்.
மறுகா, "தா, தா."
மறுகா கொஞ்ச நேரம் பேசாமல் நின்று
இன்னுமொரு "தா."

பாவம், காசு கேட்கிறாள் என்று நினைத்தேன்.
அயர்லாந்திலிருந்து பொத்துவில் வரைக்கும் வந்து
உம்மாவிடம் கைநீட்டுகிற புள்ள.
கொப்பியில் அவள் பெயருக்கு நேரே
நாலாயிரத்தை வெட்டி
ஆயிரத்தைந்நூறு என்று எழுதினேன்.

அடுத்த நாள் கேட்டேன், "உம்மா அனுப்பினாவா?"
விளங்காமல் பார்த்தாள். விளங்கியபோது
அவள் சிரித்த சிரிப்புக்கு
ஆட்டோவுக்குள் படுத்திருந்த நஸ்லிம் எழும்பிவிட்டான்.

அவள் பாஷையில் தா என்றால் கொடு இல்லையாம்.
'இருக்கு' என்று அர்த்தமாம்.
அங்கே மழை இருக்கா? தா.
உடம்பு சுகமாக இருக்கா? தா.
காய்ச்சல்? நீல்.
ஓம் என்று தனியாக ஒரு சொல் அவர்களிடம் கிடையாதாம்.
கேள்வியில் வந்த வினையையே திருப்பிக் கொடுக்க வேண்டும்,
பக்கத்து வீட்டுச் சட்டியைக் கழுவிக் கொடுப்பது மாதிரி.

அந்தத் தாவைத் தோண்டிக்கொண்டு போனால்
அடியில் 'நில்' கிடக்கிறதாம்.
கேட்கும்போது மட்டும் அதே வினை முகம் மாறி
'வில்' என்று வருமாம். அதற்கு வேர் 'பார்'.
பார்த்துக் கேட்கிறார்கள்,
நின்று பதில் சொல்கிறார்கள்.
"எங்கட ஊரில் வில் என்றால் காசுக்கு,
தா என்றால் சும்மா" என்றேன்.
"நீங்க ரெண்டு பேரும் பேசினதை வைத்து
ஒரு கடை நடத்த ஏலாது."

அலைமேல் எழும்பி நிற்கிறதும் பாஷையால் வந்ததா?
"இல்லை, நூறு தரம் விழுந்ததால்" என்றாள்.

ராவில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால்
கதிரையில் சாய்ந்திருக்கும்போதுதான்
எங்கட சொல் எனக்குத் தட்டுப்பட்டது.
இரு.
வாசலுக்கு வந்தவரை, "இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்கிறோமே,
அதே இரு.
சட்டியில் சோறு இருக்கு. குந்தியிருக்கு.
கொப்பியில் கடன் இருக்கு, சப்பணம் கட்டி.
கடல் இருக்கு என்றும் சொல்கிறோம்.
அது எந்த நாளில் இருந்தது?

பசி அவளுக்கு வருவதில்லை,
அவள் மேல் நிற்கும்.
கவலையும் அப்படித்தானாம், மேலே.
"இறங்குமா?" என்றேன்.
யோசித்தாள். "மற்றது ஏறும்போது."

இன்னொரு நாள் இல்லையைப் பற்றிக் கேட்டாள்.
நேற்று இல்லை என்பதற்கு?
"இல்லை."
இன்றைக்கு?
"இல்லை."
அவளுடைய நீலுக்கு இறந்தகாலம் வேறாக உண்டு.
எங்கட இல்லைக்குக் காலமே இல்லை.
அதை எழுதிக்கொண்டே
கடைக்குப் பின்னால் மணலில் கிடக்கிற
மூன்று படிக்கல்லைக் காட்டி, அது என்ன என்றாள்.

"வீடு" என்றேன்.
"வீடு இருந்திச்சு."
என் பாஷைக்கு அது குந்தியிருந்தது,
அவள் பாஷைக்கு நின்றிருந்தது.
வந்த தண்ணி ரெண்டையும் கேட்கவில்லை.
பேனையை மூடி வைத்தாள்.

செப்டம்பர் முடிய, மொனராகலை பஸ்ஸுக்கு நிற்கையில்
நாலாயிரத்தையும் எண்ணி என் கையில் திணித்துவிட்டு
தமிழிலேயே கேட்டாள்:
"அடுத்த சீசன் இருப்பீங்களா, பஸ்மீர்?"
ஓம் என்று வாயெடுத்தேன்.
ஓம் லேசு. தலையை ஆட்டினாலும் போதும்.
சட்டியைக் கழுவ வேண்டுமே.
"இருப்பன்" என்றேன்.
மறுகா, "இன்ஷா அல்லாஹ்."

"ஏறுங்க, ஏறுங்க, உள்ளுக்கு இடம் இருக்கு!"
கண்டக்டர் கத்தினான்.
இருக்கவில்லை.
ஒரு கையால் கம்பியைப் பிடித்து
மறு கையால் பலகையை அணைத்தபடி
நின்றுகொண்டே போனாள்.